எழுபத்தைந்து ரூபாய் தேனிலவு

கல்யாணம் நிச்சயமான பிரம்மச்சாரி நண்பர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. 'ஹனிமூனுக்கு எங்கே போகலாம்?' என்று வருங்கால மனைவியிடம் கேட்பதற்கு முன்னால், பாங்க் பாஸ் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"எங்கே வேணாலும் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றாள் போனில்.

"எங்கே வேணாலும்!" என்றேன். நிச்சயதார்த்தம் முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் சந்திர மண்டலம் என்றிருந்தால்கூட தலையாட்டியிருப்பேன்.

"ஸ்..." என்று ஆரம்பித்தாள்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஸ்விட்சர்லாந்து! எத்தனை சினிமா டூயட் பார்த்திருக்கிறோம். பனியில் உருள அவளுக்கு ஒரு ஸ்வெட்டர், எனக்கு ஒரு ஸ்வெட்டர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பர்சனல் லோன்...

"...ரீலங்கா" என்று முடித்தாள்.

அப்போது நான் விட்ட பெருமூச்சு, போன் இல்லாமலே கோத்தகிரி வரைக்கும் கேட்டிருக்கும். (பெண் ஊர் கோத்தகிரி.) பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற பி.காம். செகண்ட் கிளாஸ் ஆசாமிக்கு ஆண்டவன் கொடுத்த சலுகை இது என்று நினைத்தேன். இன்னொரு சலுகையும் எனக்கு உண்டு. லீவு தரமாட்டேன் என்று முறைக்க எனக்கு மேனேஜர் கிடையாது. சம்பளம் தரவும் கிடையாது என்பது வேறு விஷயம்.

நண்பர்கள் சும்மா விடுவார்களா? "அது வெளிநாடாடா? ராமேஸ்வரத்துல நின்னு தும்மினா அங்கே 'நூறு வயசு'ம்பான்" என்றான் ஒருத்தன். ஆனால் அம்மாவுக்கு மட்டும் ரொம்ப திருப்தி. "பொண்ணு விவரமானவடா. அவங்க தாத்தா சிலோன்ல பெரிய பிசினஸ் பண்ணினவராச்சே. பாரம்பரியம் விடுமா?" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். சிலோன் பிசினஸ் குடும்பம் என்பதுதான் என் அம்மாவுக்கு இந்த சம்பந்தத்தில் பிடித்த முதல் பாயிண்ட். பெண்ணின் படிப்பு, குணம் எல்லாம் அப்புறம்தான்.

2023 தை மாதம் கல்யாணம். பிப்ரவரியில் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. தி.நகரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியில் போனதைவிட கொஞ்சம்தான் அதிகம். சீட் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று நான் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகுவதற்குள் 'கழற்றலாம்' என்று அறிவித்துவிட்டார்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பணம் மாற்றினேன். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே நாலு ரூபாய் சொச்சம். இருபதாயிரத்தைக் கொடுத்தேன், எண்பதாயிரத்துக்கு மேல் எண்ணி நீட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேல் பாக்கெட், கீழ் பாக்கெட், மனைவியின் ஹேண்ட்பேக் மூன்றும் நிரம்பின. நடையே மாறிவிட்டது. ராத்திரி கண்டியில் ஒரு மசால் தோசைக்கு அறுநூறு ரூபாய் பில் வந்ததும் பழைய நடைக்குத் திரும்பினேன். 2022-ல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் க்யூ நின்ற நாடு. நாங்கள் போனபோது க்யூ குறைந்திருந்தது. ஆனால் ஆட்டோக்காரர்கள் செல்போனில் ஒரு க்யூ.ஆர். கோடு வைத்திருந்தார்கள். அதைக் காட்டினால்தான் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பங்க்கில் அளந்து ஊற்றுவார்கள். நம்ம ஊர் ரேஷன் கார்டு மாதிரி. சர்க்கரை, மண்ணெண்ணெய்க்கு பதில் பெட்ரோல்.

கண்டியில் இரண்டு நாள். ஹனிமூனுக்கு என்றே ஒரு அரை டிராயர் வாங்கியிருந்தேன். முட்டிக்கு ஒரு சாண் மேலே நிற்கும், பூப்போட்டது. அதைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக தலதா மாளிகை வாசலில் போய் நின்றேன். புத்தருடைய பல்லை வைத்துப் பூஜிக்கிற கோயில். காவலர் என் முட்டியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார். முட்டியும் தோளும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துக் கடையில் ஒரு சாரம் வாங்கி (நம் லுங்கிதான், கைலி) டிராயருக்கு மேலேயே சுற்றிக்கொண்டேன். பக்கத்தில் பட்டுப்புடவையில் புது மனைவி, மேலே டீ-ஷர்ட்டும் கீழே கைலியுமாக நான். கல்யாண ஆல்பத்தில் இந்தப் போட்டோவை மட்டும் அம்மா சேர்க்க மறுத்துவிட்டாள்.

சாயங்காலப் பூஜைக்கு மேளம் முழங்கியது. தட்டில் தாமரையும் அல்லியும் ஏந்திக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நகர்ந்தார்கள். என் மனைவியும் ஒரு தட்டுப் பூ வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். என்னைப் பற்றித்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்கு ஏக சந்தோஷம். புது மாப்பிள்ளைகள் எல்லாவற்றையும் இப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். போகப்போகத் தெளிந்துவிடும்.

கோயிலை ஒட்டி ஓர் ஏரி. 1807-ல் வெட்டியவர் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவர் நாயக்கர் வம்சம். அந்த வம்சத்து ராஜாக்கள் ராணிகளை மதுரைப் பக்கத்திலிருந்து வரவழைத்தவர்கள். 1815-ல் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்து, நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தான். 1832-ல் அங்கேயே காலமானார். "பார்த்தியா, ராஜாவே கடைசியில் நம்ம ஊர்லதான் செட்டில் ஆனாரு" என்று ஏரிக்கரையில் நின்று ஜோக்கடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவரை யாராவது கேட்டாங்களா, எங்கே இருக்கணும்னு?" என்றாள்.

என் ஜோக்குக்கு சிரிக்காதவர்கள் நிறையப் பேர். ஆனால் ஹனிமூனில்? அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. வந்ததிலிருந்தே அவள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். ஹேண்ட்பேக்கில் மஞ்சள் துணியில் சின்ன முடிச்சு ஒன்று இருந்தது. அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த காணிக்கை என்று நினைத்து நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கண்டி ஸ்டேஷன். ப்ளான் என்னவென்றால் ரயிலில் நானுஓயா போய், அங்கிருந்து நுவரெலியா. அங்கே கணப்பு அடுப்பு வைத்த ரூம், இரண்டு ராத்திரிக்கு, முன்பணம் முழுசும் கட்டியாகிவிட்டது. கேன்சல் பண்ணினால் ஒரு பைசா திரும்பாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலின் பெயர் பொடி மெனிக்கே. சிங்களத்தில் 'சின்னப் பெண்' என்று அர்த்தமாம். அந்தச் சின்னப் பெண்ணுக்குள் ஊரே ஏறியிருந்தது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற சீசன் டிசம்பரிலிருந்து மே வரை. வெள்ளை உடுத்திய குடும்பங்கள், கம்பளி, சாப்பாட்டு மூட்டை, தூங்குகிற குழந்தைகள். ரிசர்வேஷன் எப்போதோ தீர்ந்துவிட்டதால் நாங்கள் சாதாரணப் பெட்டி. ஒரு பாட்டியம்மா தன் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் மனைவிக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். எனக்கு என் சூட்கேஸ்தான் சீட்.

நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மலையேற ஆரம்பித்தது. ஏறுகிறது என்றால் அவசரமே இல்லாத ஏற்றம். வளைவில் திரும்பும்போது நம் ரயிலின் எஞ்சினை நாமே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. சீராக சீப்பு வைத்து வாரியது போல் தேயிலைச் சரிவுகள். ஸ்டேஷன் பலகைகளில் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும். வெளிநாட்டில் வந்து ஸ்டேஷன் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிப்பது தனி சுகம்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"எங்க தாத்தா இங்கே பிசினஸ் எல்லாம் பண்ணலை. தோட்டத்துல கவ்வாத்து வெட்டினவர். அம்மாச்சி கொழுந்து எடுத்தவங்க. எங்க அம்மா பொறந்தது லயத்துல."

எனக்கு முதலில் புரியவில்லை. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கழிப்பது; லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு என்று அவளே சொன்னாள்.

"பிசினஸ்னு சொன்னது கல்யாண புரோக்கர். எங்கப்பா சொல்லலை. ஆனா மறுக்கவும் இல்லை. நானும் சொல்லலை. தாலி கட்டறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

பள்ளிக்கூடத்தில் நாம் படிக்காத சரித்திரம் ஒன்றை, அந்த நெரிசலில், அடுத்த சீட்டுக்குக் கேட்காத குரலில் அவள் சொன்னாள். 1867-ல் கண்டிக்கு அருகே ஜேம்ஸ் டெய்லர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பு காப்பித் தோட்டக் காலத்திலிருந்தே நம் பக்கத்து ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் என்று பஞ்சம் துரத்திய ஊர்களிலிருந்தெல்லாம் போனார்கள். இந்த ரயில் பாதையே தோட்டங்களுக்காகப் போட்டதுதான். நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை, சுதந்திரம் வந்த கையோடு 1948-ல் ஒரு சட்டம் போட்டு, 'நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை' என்றார்கள். அப்புறம் 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (பத்து வருஷம் கழித்து 1974-ல் அதையும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள்.) நான் காமர்ஸ் படித்தவன். சரக்கைத்தான் இப்படிப் பிரித்து ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவளுடைய தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அம்மாச்சியின் அக்கா வீட்டுக்காரர் இலங்கைக்குப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. 1973-ல் தங்கை குடும்பம் நாலு வயசுக் குழந்தையோடு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது. அங்கேயும் அதே கொழுந்து, அதே கூடை. அந்த நாலு வயசுக் குழந்தைதான் என் மாமியார்.

"அக்கா இன்னும் இருக்காங்க. ஹட்டன் பக்கத்துல தோட்டத்துல. அவங்க பேரனை போன வருஷம் ஃபேஸ்புக்ல கண்டுபிடிச்சேன். அம்மாச்சியால வர முடியாது. அதான் நான்..." என்று மஞ்சள் முடிச்சை எடுத்தாள். "ஊருக்கு வர்றப்போ அக்காகிட்ட எழுபத்தஞ்சு ரூபா கடன் வாங்கினாங்களாம். அம்பது வருஷமா சொல்லிக்கிட்டே இருக்காங்க."

முடிச்சுக்குள் நம் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று, இருபது ரூபாய் நோட்டு ஒன்று, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று.

இந்த இடத்தில் கதாநாயகனாக இருந்தால் அவள் கையைப் பிடித்து, 'அதனாலென்ன!' என்று ஒரு டயலாக் பேசியிருப்பான். நான் பேசவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது அம்மாவின் முகம். அப்புறம் பெரிய மாமா. 'சிலோன் பிசினஸ்' என்று அம்மா போன் போட்டுச் சொன்ன பதினைந்து இருபது வீடுகள். ஒவ்வொரு வீடாகக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூடையில் இறால் வடை வந்தது. "வடே, வடே!" என்று கத்திக்கொண்டு போனவரை நிறுத்தி நாலு வாங்கினேன். ஏதாவது செய்ய வேண்டுமே! ஏதோ ஒரு பையனின் கணக்கு நோட்டைக் கிழித்துச் செய்த பொட்டலம். சிவப்பு மையில் தப்பு போட்டிருந்தது. நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வட்டவளை போயிற்று. அதற்கடுத்த ஸ்டேஷனும் போயிற்று. வடை ஆறிப்போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

ஹட்டன் வந்தது. அவள் எழுந்தாள்.

"நீங்க நானுஓயா போங்க. ரூமுக்குப் பணம் கட்டியாச்சு. நான் இதைக் கொடுத்துட்டு சாயங்காலம் பஸ் பிடிச்சு வந்துடறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். யாத்திரைக் கூட்டம் முழுக்க இறங்கும் ஸ்டேஷன் அது. வெள்ளை உடைகளுக்கு நடுவே அவளுடைய பச்சைத் துப்பட்டா மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. எனக்கு எதிரே இருந்த பாட்டியம்மா சிங்களத்தில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் திட்டு என்பது எந்த மொழியிலும் திட்டுதான்.

கார்டு விசில் ஊதினார். சூட்கேஸை இழுத்தேன், யாருடைய மூட்டைக்கோ அடியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. பாட்டியம்மாவும் பேரனும் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, அது பிய்த்துக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியே ப்ளாட்பாரத்தில் எறிந்தேன். நானும் குதித்தேன். சூட்கேஸ் திறந்துகொண்டு, அந்தப் பூப்போட்ட அரை டிராயர் ஹட்டன் ஸ்டேஷன் மாஸ்டரின் காலடியில் போய் விழுந்தது.

டிராயரைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், கேட்டுக்கு அருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். போகவில்லை.

"வடை ஆறிப்போச்சு" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த வசனம் அதுதான்.

"பரவாயில்லை, கொடுங்க" என்றாள்.

ஃபேஸ்புக் தம்பி ஆட்டோவோடு காத்திருந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. எங்களுக்காக லீவு போட்டு வந்திருக்கிறான். "வாங்க மச்சான்" என்று கட்டிக்கொண்டான். முக்கால் மணி நேரம் ஆட்டோ மலையில் ஏறியது. (தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும்.) சரிவில் பெண்கள் நெற்றியிலிருந்து கூடை தொங்க, வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்றான் தம்பி. 2021-ல் போராடி வாங்கியது. அதுவும் பதினெட்டு கிலோ, இருபது கிலோ எடுத்தால்தான் முழுசாம். ஆயிரத்தை நாலு சொச்சத்தால் வகுத்துப் பார்த்தேன். நம் பணத்தில் இருநூற்று முப்பது ரூபாய் தேறவில்லை. கண்டியில் அவர்கள் நாள் சம்பளத்தில் பாதிக்கு மேலாக ஒரு மசால் தோசை தின்றிருக்கிறேன்.

லயம் என்பது நீளமான ஒரே கூரை. நடுவில் சுவர் வைத்து வீடு வீடாகத் தடுத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் சின்ன இஸ்தோப்பு. கதவுக்குக் கதவு தலைகள். வாசலில் நாற்காலி போட்டு, வெள்ளைப் புடவையில் பெரியம்மாச்சி. எண்பத்திரண்டு வயசு. என் மனைவியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அவ மூக்குதான்" என்றார். பிறகு அழுதார். லயம் மொத்தமும் அழுதது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன். தகரக் கூரை.

தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. காரத்தில் என் கண்ணிலும் தண்ணீர் வந்ததால் கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்துகொண்டேன்.

அப்புறம் கடன் விஷயம். நான் முந்திக்கொண்டேன். ரயிலில் வாயை மூடிக்கொண்டு வந்த பாவத்துக்குப் பரிகாரமாக, ஆட்டோவிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எழுபத்தைந்து ரூபாய், ஐம்பது வருஷம், எட்டு சதவீதக் கூட்டு வட்டி: மூவாயிரத்து ஐந்நூற்றுப் பதினேழு. பத்து சதவீதமென்றால் எட்டாயிரத்து எண்ணூற்று நாலு. பத்தாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டு, மஞ்சள் முடிச்சோடு சேர்த்து நீட்டினேன்.

"இது என்ன மாப்பிள்ள?"

"வட்டி, பெரியம்மாச்சி."

"வட்டி வாங்க நான் என்ன கங்காணியா?" என்றார். லயம் குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சேர்த்துத் தம்பிதான் விளக்கினான். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணியிடம் பட்ட கடனைத் தலைமுறையாக அடைத்துக்கொண்டே இருந்தார்களாம்.

கவர் என் பாக்கெட்டுக்கே திரும்பியது. முடிச்சை மட்டும் அவிழ்த்து எண்ணினார். ஒரு தடவை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அஞ்சு ரூபா கொறையுது."

"எழுபத்தஞ்சுன்னுதானே அம்மாச்சி சொன்னாங்க?"

"எம்பது. எழுபத்தஞ்சு வழிச்செலவுக்கு. அஞ்சு ரூபா, கோச்சி ஏறுறப்ப புள்ளைக்கு வளையல் வாங்கிப் போடுன்னு தனியாக் குடுத்தேன். அதை மறந்துட்டாளா?"

வீடியோ கால் போட்டு நேரிலேயே கேட்டுவிடலாம் என்று தீர்மானமாயிற்று. ஆனால் சிக்னல் மாரியம்மன் கோயில் படிக்கட்டில் மட்டும்தான் வரும். நாற்காலியோடு பெரியம்மாச்சியைத் தூக்கிக்கொண்டோம். ஒரு கால் தம்பி, ஒரு கால் நான். மழை ஈரத்தில் வழுக்கும் பாதை. பின்னால் லயமே ஊர்வலமாக வந்தது. கோத்தகிரியில் மாமியார் போனைப் பிடித்துக்கொண்டார். இதற்கு முன்பு இரண்டு பேரும் நாலைந்து தடவை போனில் பேசியிருக்கிறார்களாம். பேச்சு என்றால், இரண்டு பேருக்குமே காது மந்தம். 'அலோ, அலோ' என்று பத்து நிமிஷம் கத்திவிட்டு அழுது வைத்துவிடுவார்களாம். முகம் பார்ப்பது 1973-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

இரண்டு முகங்களும் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"பல்லு எங்கடி?" என்றார் அக்கா.

"குளிர்ல உதுந்து போச்சு" என்றார் தங்கை. "உனக்கு?"

அக்கா வாயைத் திறந்து செல்போனுக்குள் காட்டினார். இரண்டு இருந்தன.

அதன் பிறகு வளையல் வழக்கு கால் மணி நேரம் நடந்தது. 'நீ குடுக்கலை', 'குடுத்தேன்', 'ராமேஸ்வரத்துல எங்கே வளையல் வாங்கினோம்', 'அதை நீதான் சொல்லணும்'. அந்த வளையலைப் போட்டிருக்க வேண்டிய என் மாமியார் போனைப் பிடித்த கை நடுங்க நின்றார். எனக்கு ஞாபகமில்லை என்றார். நாலு வயசு. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. நான் பாக்கெட்டில் கைவிட்டபோது பெரியம்மாச்சி தடுத்துவிட்டார். "நீ குடுக்காத. கடன் பட்டவ வந்து குடுக்கட்டும்."

மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ கீழே இறங்காது என்றான் தம்பி. நுவரெலியாவில், கணப்பு அடுப்பு மூட்டி, படுக்கையில் ரோஜா இதழ் தூவி (பேக்கேஜில் அதுவும் சேர்த்தி) ஒரு அறை எங்களுக்காகக் காலியாகக் கிடந்தது. நாங்கள் லயத்தில் தங்கினோம். புது ஜோடி என்று எங்களுக்கு அந்த ஒற்றைக் காம்பராவை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்த ஆறு பேரும் பக்கத்துக் காம்பராக்களில் போய்ப் படுத்தார்கள். தடுப்புச் சுவர் கூரை வரை எட்டவில்லை. மூன்றாவது வீட்டில் யாரோ இருமினால் நமக்குத் தொண்டை கரகரத்தது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும்தான் எங்களுக்குத் துணை. அந்த மழைச் சத்தத்தில் நாங்கள் பேசிக்கொண்டது, நாலரை மாதம் போனில் பேசியதைவிட அதிகம். அது உங்களுக்கு வேண்டாம்.

"ஸ்டேஷன்ல நான் இறங்காம போயிருந்தா?" என்று கேட்டேன்.

"உங்க ரிட்டர்ன் டிக்கெட் என் ஹேண்ட்பேக்ல இருந்தது" என்றாள்.

மறுநாள் நுவரெலியா. கிரகரி ஏரி, செக்கச் செவேலென்று வெள்ளைக்காரன் கட்டிய போஸ்ட் ஆபீஸ், குதிரை, ஸ்ட்ராபெரி. எல்லாம் அழகு. நம் ஊட்டிக்கு மாமன் மகள் போலிருக்கிறது. விவரம் வேண்டுமென்றால் டூரிஸ்ட் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று முழுக்க வேறு ஒரு வேலை பாக்கி இருந்தது. நாலு தடவை போனை எடுத்து நாலு தடவையும் உள்ளே வைத்தேன். ஐந்தாவது தடவை அம்மாவைக் கூப்பிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவ்வாத்து, கொழுந்து, லயம், புரோக்கர், எழுபத்தைந்து ரூபாய்.

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"அம்மா?"

"இருக்கேன்" என்றாள். மறுபடி மௌனம். பிறகு, "அந்தப் பெரியவங்களைப் பார்க்கப் போனீங்களே, என்ன வாங்கிட்டுப் போனீங்க?"

"ஒண்ணும் வாங்கலைம்மா. திடீர்னு..."

"வெறுங்கையோட போனியா? எண்பத்திரண்டு வயசு மனுஷியைப் பார்க்க? ஒரு புடவை, ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கத் தோணலியா? உன்னைப் பெத்து வளர்த்தேனே!" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். பதினைந்து நிமிஷம். ரோமிங் கட்டணத்தை நான் கணக்குப் போடவில்லை. பெரிய மாமா வீட்டுக்கு அவள் என்ன சொன்னாள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு 'சிலோன் பிசினஸ்' என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம், அம்மாச்சிக்குப் புது பாஸ்போர்ட் வந்தது. விண்ணப்பத்துக்கு ஆதாரமாக, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்தார். கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் 1973-ல் கொடுத்தது. போட்டோவில் இருபத்தெட்டு வயசு, இடுப்பில் என் மாமியார், இரண்டு பேரும் காமிராவை முறைக்கிறார்கள். குழந்தையின் கையில் வளையல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்தோம். கை படத்துக்கு வெளியே போய்விட்டது.

விசா விண்ணப்பத்தை கம்ப்யூட்டரில் நான்தான் பூர்த்தி செய்தேன். அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினேன் என்று படித்துக் காட்டச் சொன்னார். 'பயணத்தின் நோக்கம்' வந்தது. 'உறவினரைப் பார்த்தல்' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் பண்ணிவிட்டுப் படித்துக் காட்டினேன்.

"அது சரி. அஞ்சு ரூபா குடுக்கப் போறேன்னும் எழுதுங்க மாப்பிள்ள" என்றார். "கவர்மெண்ட் பேப்பர். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."